நெல்லைக்குப் புதுசா? புயல் பருவம் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

2023 ஜூன் மாதம் வேலை மாற்றலில் கோயம்புத்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தேன். மீனாட்சிபுரத்தில் கீழ்த்தள வீடு. வாசலில் நின்றால் ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்கும், அதில் மயங்கித்தான் அட்வான்ஸ் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் "மழைக்காலத்துல தண்ணி வருமா அண்ணாச்சி?" என்று கேட்டதென்னவோ உண்மை. வீட்டுக்காரர் வாசல்படியைக் காட்டி, "தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல இந்த ரெண்டாவது படியத் தொட்டுட்டுப் போச்சு தம்பி. அதுக்கப்புறம் எட்டிக்கூடப் பாக்கல" என்றார். ஆறே மாதத்தில், டிசம்பர் 18 காலை, அந்த வீட்டு ஹாலில் எங்கள் ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது.

முந்தின நாள், மார்கழி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, நான் மழையை ரசித்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "புயல் எதுவும் இல்லையே, வெறும் மழைதானே" என்று மனைவியிடம் சொன்னேன். அது உண்மைதான், அன்றைக்குப் புயல் இல்லை. குமரிக்கடல் பகுதியில் இருந்தது ஒரு வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வட்டாரத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்.

அதற்குப் பிறகு நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் மழைக்காலம் தொடங்கும் முன் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. காலண்டரில் சரியான மாதத்தைக் குறியுங்கள்

என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கிறான். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஃபோன் போட்டு "புயல் சீசன் எப்படிண்ணே இருக்கு?" என்பான். அட்லாண்டிக் கடலில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். அந்த நேரம் நெல்லையில் வெயில் மண்டையைப் பிளக்கும். யூடியூபில் வருகிற வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து நம் காலண்டரைப் போடாதீர்கள்.

வங்கக்கடலுக்கு இரண்டு பருவம். ஏப்ரல், மே, ஜூன் முற்பகுதி ஒன்று. அந்தப் புயல்கள் பெரும்பாலும் வடக்கே ஆந்திரா, ஒடிசா, வங்காளம், மியான்மர் என்று போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாவது. நமக்குரியது இதுதான். இதற்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. அக்டோபரில் உருவாகும் சின்னங்கள் ஆந்திரா, ஒடிசா பக்கம் போவதே அதிகம். நாள் போகப் போக அவை பிறக்கும் இடமும் பாதையும் தெற்கே இறங்கும். அதனால் தென்கோடியில் இருக்கிற நம் முறை கடைசியில்தான் வரும். ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் குமரி முனையை ஒட்டிப் போனது. புரெவி 2020 டிசம்பர் முதல் வாரம். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது 2023 டிசம்பர் 18. அடுத்த வருடமும் டிசம்பர் 13 வாக்கில் தாமிரபரணி பொங்கி ஓடியது.

ரயில்வே டைம்டேபிள் மாதிரி இதை நம்ப முடியாது என்பதும் சரிதான். 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா பக்கம் கரையேறியது. நாங்கள் மூழ்கியது அதற்கு 13 நாள் கழித்து.

என் கணக்கு இது: தாள் வேலை, பணவேலை எல்லாம் ஐப்பசிக்குள் முடிய வேண்டும். கார்த்திகை பிறந்ததிலிருந்து பொங்கல் வரை தினம் ஒருமுறை வானிலை பார்க்க வேண்டும்.

எங்கே ஏமாறுவோம்: சென்னைக்கு ஆபத்து நீங்கியதும் டி.வி.யில் புயல் செய்தி குறைந்துவிடும். "சீசன் முடிஞ்சுது" என்று நாமும் நினைத்துக்கொள்வோம். நமக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும்.

2. புயல் ஏறும் படிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்திய வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகத்தை வைத்துப் படிப்படியாகப் பெயரை மாற்றும். முதலில் சுழற்சி. அப்புறம் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. காற்று மணிக்கு 31 கி.மீ.யைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 ஆனால்தான் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 89க்கு மேல் தீவிரப் புயல், 118க்கு மேல் மிகத் தீவிரப் புயல் என்று அது இன்னும் மேலே போகும்.

ஃபுளோரிடாக்காரன் சொல்கிற "கேட்டகிரி 3, கேட்டகிரி 4" கணக்கை இங்கே போட்டுக் குழம்பாதீர்கள். அவர்கள் ஒரு நிமிடச் சராசரிக் காற்றை அளக்கிறார்கள், இங்கே மூன்று நிமிடச் சராசரி. ஒரே காற்றுக்கு அங்கே எண் சற்றுக் கூடுதலாக வரும். பெயர் வைக்கிற முறையும் வேறு. அங்கே அகர வரிசையில் பெயர்கள், ஆறு வருடத்துக்கு ஒருமுறை அதே பட்டியல் திரும்ப வரும். இங்கே 13 நாடுகள் கொடுத்த 169 பெயர்கள் 2020இல் பட்டியலாயின. நாடுகளின் வரிசைப்படி வரும், ஒருமுறை வைத்த பெயர் மறுபடி வராது.

எங்கே ஏமாறுவோம்: நான் ஏமாந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று படியுங்கள். மேலே சொன்ன படிகள் அளப்பது காற்றை, மழையை அல்ல. நெல்லை இருப்பது 8.7 பாகை வடக்கில். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பூமிச் சுழற்சியின் முறுக்கு குறைவு என்பதால், நம்மைத் தொடுகிற சின்னங்கள் பல புயலாக ஏறாமலே வரும். ஆனால் ஏறாத ஒன்று நகராமல் குமரிக்கடலில் உட்கார்ந்துகொண்டு, கிழக்கே கடலிலிருந்து ஈரத்தை இழுத்து, மேற்கே மலையில் மோதவிட்டால் போதும். கூரையைப் பிய்க்கிற காற்று இருக்காது, கதவைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வரும். செய்தியில் "குமரிக்கடல்", "மன்னார் வளைகுடா", "இலங்கைக்குத் தெற்கே" என்று காதில் விழுந்தால், பக்கத்தில் "புயல்" என்ற சொல் இல்லாவிட்டாலும் எழுந்து உட்காருங்கள்.

3. மழைச் சொற்களுக்கு எண் உண்டு

"கனமழை" என்பது வர்ணனை கிடையாது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 20க்கு மேல் அதி கனமழை. எச்சரிக்கைக்கு நிறமும் உண்டு: மஞ்சள் வந்தால் கவனி, ஆரஞ்சு வந்தால் தயாராகு, சிவப்பு வந்தால் இறங்கிச் செய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதி கனமழைக்கு மேல் பட்டியலில் வேறு சொல் இல்லை. 21 செ.மீ.யும் அதி கனமழைதான், காயல்பட்டினத்தின் 95ம் அதி கனமழைதான்.

இன்னொரு சிறு சிக்கல். மழைக்கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 18ஆம் தேதிக் கணக்காக வருவது பெரும்பாலும் 17ஆம் தேதி பெய்த மழை. பின்னால் காப்பீட்டுக்காரரிடம் "சேதம் நடந்த தேதி" எழுதும்போது இது உங்களைக் குழப்பும். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தேதியை மட்டும் எழுதுங்கள்.

ஃபோனில் இரண்டு செயலி போதும்: மாநில அரசின் டிஎன்-அலர்ட், மத்திய அரசின் சசேத். இரண்டும் இலவசம். இடம் அறியும் அனுமதியைக் கொடுத்தால்தான் உங்கள் பகுதி எச்சரிக்கை வரும். வாட்ஸப் குரூப்பில் வருகிற "நாசா அறிவிப்பு" ஒன்றையும் திறக்காதீர்கள்.

4. ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நெல்லைக்காரர்களுக்கு ஆறுதான் மழைமானி. மேலே பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. மார்கழிக் காலையில் டீக்கடையில் நின்றால் "பாபநாசம் எத்தன அடி?" என்ற பேச்சுத்தான். பேப்பரில் தினமும் நீர்மட்டம் வரும். அணை நிறையும் தறுவாயில் இருக்கும்போது மலைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால், வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள் என்று பொருள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய நான்கு இடங்களின் மழை அளவையும் சேர்த்துப் பாருங்கள். டவுனில் வெயில் அடிக்கும்போதே அங்கே கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் சில மணி நேரத்தில் நம் பாலத்துக்கு அடியில் வரும்.

எங்கே ஏமாறுவோம்: "இன்னும் டேம் திறக்கல, பயமில்ல" என்பார்கள். கடனாநதி, பச்சையாறு எல்லாம் டவுனுக்கு மேலேயே தாமிரபரணியில் வந்து சேர்கின்றன. அணைக்குக் கீழே சமவெளியில் பெய்கிற மழையும் ஆற்றுக்குத்தான் வரும். அதற்கு ஷட்டர் கிடையாது. 2023இல் அணைத் தண்ணீரும் சமவெளி மழையும் ஒன்றாகச் சேர்ந்து ஆற்றில் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி ஓடியது. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகமே நீரில் நின்றது.

செயலியைவிட நான் நம்புகிற ஒன்று குறுக்குத்துறை முருகன் கோவில். ஆற்றுக்குள்ளேயே பாறையில் இருக்கிற கோவில். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோவிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னது: "சாமியே பெட்டியக் கட்டிட்டாருன்னா நாம எதுக்குய்யா உக்காந்திருக்கணும்?" அன்றைக்கு எனக்கு அந்த விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் பஜ்ஜி சட்டியை இறக்கியிருப்பேன்.

5. ஆவணங்கள்: ஐப்பசிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள்

எங்கள் வீட்டில் எல்லாச் சான்றிதழும் பீரோவின் கீழ்த் தட்டில், துணிக்கு அடியில் இருந்தன. திருடனுக்குப் பயந்து வைத்த இடம். தண்ணீர் முதலில் வந்ததும் அங்கேதான். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் காயவைத்தபோது லேமினேஷனுக்குள்ளே பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. ஓரம் சரியாக ஒட்டாத லேமினேஷன் காப்பாற்றாது, உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்தும் வைத்துக்கொள்ளும்.

முதலில் காசில்லாமல் ஆகிற வேலைகளை முடியுங்கள். டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., ஆதார் மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். அசலுக்குச் சமமாக அவை செல்லும். இ-ஆதார் இலவசம். பட்டா, சிட்டா அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்த்து அச்சிட்டுக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றையும் பதிவுத்துறைத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஃபோனில் மட்டும் வைக்காதீர்கள், ஃபோனும் நனையும். உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பிவிட்டு, வெளியூரில் இருக்கிற தங்கைக்கோ மச்சினனுக்கோ இன்னொன்று அனுப்புங்கள்.

அடுத்தது தாளாகவே இருக்க வேண்டியவை: பத்திரம், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், நகைக்கடன் ரசீது. இவற்றை ஜிப் வைத்த தடிமனான பிளாஸ்டிக் பையில் போட்டு, மூடி இறுக்கமான ஒரு டப்பாவுக்குள் வைத்து, பரணில் ஏற்றுங்கள். எனக்கு மொத்தச் செலவு 340 ரூபாய்.

இதைவிட முக்கியமானது ரேஷன் கார்டு முகவரி. 2023 வெள்ளத்துக்கு அரசு கடும் பாதிப்புள்ள வட்டங்களுக்கு 6,000 ரூபாயும், மற்ற இடங்களுக்கு 1,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. கொடுத்தது ரேஷன் கடை வழியாக, டோக்கன் போட்டு. எங்கள் கார்டு கோயம்புத்தூர் முகவரியில் இருந்தது. "அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டவன் நான். தெருவே வரிசையில் நிற்க, நான் குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. முகவரி மாற்றத்தைப் பொது விநியோகத் துறையின் இணையதளத்திலேயே கேட்கலாம், இ-சேவை மையத்திலும் சிறு கட்டணத்துக்குப் போட்டுத் தருவார்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, ஆதார் கையில் இருக்கட்டும். விசாரணை, ஒப்புதல் என்று சில வாரம் இழுக்கும். அதனால்தான் ஐப்பசி என்கிறேன்.

வயல் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிசானத்துக்கு (இந்தப் பக்கத்து மழைக்கால நெல் பருவம்) பயிர்க் காப்பீடு போடக் கடைசித் தேதி உண்டு. நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், ஆதார் போதும். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள், ஊரே அங்கே நிற்கும்.

6. காப்பீடு: 600 ரூபாய் மிச்சம் பிடித்து 9,800 கொடுத்த கதை

என் ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டிருந்தேன். நான் கட்டிய வருடத்தில் அடிப்படை பிரீமியம் 714 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் இன்னொரு 600 ஆகியிருக்கும். மூன்றாம் நபர் காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. உங்கள் பாலிசித் தாளை இன்றைக்கே எடுத்து "சொந்தச் சேதம்" என்ற இடத்தில் தொகை இருக்கிறதா, பூஜ்யமா என்று பாருங்கள். கார் வைத்திருப்பவர்கள் என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவையும் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் புகுந்து என்ஜின் போனால் அது இல்லாமல் இழுபறிதான்.

இதோடு முடியவில்லை. தண்ணீர் வடிந்த மறுநாள், ஓடுகிறதா பார்ப்போம் என்று செல்ஃப் அடித்தேன். ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, வளைந்த கனெக்டிங் ராடை என் கையில் கொடுத்தார். "தண்ணில நின்ன வண்டிய எதுக்கு சார் ஸ்டார்ட் பண்ணீங்க? தள்ளிட்டு வந்திருந்தா ஆயில மாத்திக் குடுத்திருப்பேன்" என்றார். பில் 9,800.

வீட்டுக்கும் காப்பீடு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பாரத் கிருஹ ரக்‌ஷா என்ற பொதுவான பாலிசியை 2021 ஏப்ரலிலிருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. புயல், வெள்ளம் இரண்டும் அதற்குள் அடக்கம். வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. ஆகியவற்றின் பில்லையும் சீரியல் எண் தெரிகிற மாதிரி ஒரு படத்தையும் ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.

எங்கே ஏமாறுவோம்: புயல் சின்னம் வந்த பிறகு பாலிசி புதுப்பிக்க ஓடுவது. காலாவதியான வாகன பாலிசியில் சொந்தச் சேதம் சேர்க்க வண்டியை ஆய்வு செய்ய வேண்டும். அந்த வாரத்தில் யார் வருவார்கள்?

7. சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால்

தரையில் இருக்கிற மின்சாதனங்களைக் கட்டில்மேல் ஏற்றுங்கள். வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். பாலத்தின் மேல் வேண்டாம், போலீஸ்காரர் எடுக்கச் சொல்வார். குடிதண்ணீர் பிடித்துவையுங்கள், வெள்ளத்தில் முதலில் தட்டுப்பாடு வருவது குடிதண்ணீருக்குத்தான். எங்கள் தெருவில் மூன்றாம் நாள் தண்ணீர் கேனுக்குத்தான் சண்டை நடந்தது. ஏ.டி.எம். வேலை செய்யாது, சிக்னல் இருக்காது, அதனால் இரண்டு மூவாயிரம் கையில் ரொக்கம். மாத்திரை ஒரு வாரத்துக்கு. தண்ணீர் வாசலுக்கு வரும்போதே மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். சுவரில் ஒட்டிவைக்க எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, மின்சாரத்துக்கு 94987 94987.

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கொண்டல் காற்றின் வாடையிலேயே நாள் சொல்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துக் கட்டினால் நீங்களும் கிளம்புங்கள்.

8. தண்ணீர் வடிந்த பிறகு முதல் மூன்று நாள்

கழுவத் துடிக்கிற கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுங்கள். ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக எடுங்கள். நாங்கள் முதல் நாளே மெத்தையைத் தூக்கித் தெருவில் போட்டோம், மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போனது. படம் இல்லை, கேட்க நாதியும் இல்லை.

காப்பீடு இருந்தால் அன்றைக்கே ஃபோனில் தகவல் சொல்லி, பதிவு எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் வரை பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் காரின் கோரிக்கைக்கு ஒரு மாதத்துக்கு மேல் பதிலே வரவில்லை. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிப்பவர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். அந்தக் கார்க்காரர் அப்படித்தான் போனார்.

சான்றிதழ் போனவர்கள் உடனே தனித்தனி அலுவலகமாக ஏறி இறங்க வேண்டாம். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு நகல் தருவதற்கு அரசு சிறப்பு முகாம் போடும். அதன் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். பழைய சான்றிதழின் மங்கலான ஜெராக்ஸ் ஒன்று இருந்தால்கூட வேலை பாதியாகும்.

மின்சாரம் வந்ததும் மெயினைப் போடாதீர்கள், எலக்ட்ரீசியன் வந்து எர்த் பார்க்கட்டும். கூட்டம் அதிகம் என்பதால் எங்களுக்கு நான்கு நாள் ஆனது, 500 ரூபாய் வாங்கினார். தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடும்வரை அந்தத் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்க வேண்டாம். செருப்பு, அடுப்படி மூலை, வாஷிங் மெஷினுக்கு அடி, இந்த மூன்றிலும் கை வைக்கும் முன் குச்சியால் தட்டுங்கள். எங்கள் வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒரு சாரைப்பாம்பு சுருண்டு கிடந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதுவும் தொண்ணூத்திரண்டுல வரல தம்பி" என்றார்.